சைஹப் பிளாக் ஆனதுக்கு பின்னாடி இருக்கிற கேஸ் என்ன? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

பொருநைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். தென் மாவட்டத்துல ஒரு சுயநிதி காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுக்கிறேன், அது கூடவே பார்ட் டைம்ல பிஹெச்டி, இது நாலாவது வருஷம், சீக்கிரம் சினாப்சிஸ் குடுக்கணும். போன வாரம் கைடு என்னோட ரெண்டாவது சாப்டரை படிச்சுட்டு "ஏம்மா, 2021க்கு அப்புறம் இந்த ஏரியாவுல உலகத்துல யாருமே வேலை பாக்கலையா"ன்னு கேட்டாங்க. ரெஃபரன்ஸ் லிஸ்ட்டை எடுத்து பாத்தா நிஜமாவே அப்படித்தான் இருக்கு, 2020 வரைக்கும் நெறைய, அதுக்கப்புறம் ஓப்பன் ஆக்சஸ்ல கிடைச்ச அஞ்சாறு மட்டும். காரணம் எனக்கு தெரியும், நான் படிச்சது முக்காவாசி சைஹப்ல இருந்து எடுத்தது (காசு கட்டி படிக்க வேண்டிய ஆராய்ச்சி பேப்பரை உரிமை வாங்காம இலவசமா குடுக்கிற சைட்), புதுசு எதை போட்டு தேடினாலும் அதுல இல்லன்னு வரும், நானும் சரி நம்ம சப்ஜெக்ட் பேப்பர் இன்னும் ஏத்தல போலன்னு விட்டுட்டேன்.

இப்ப 2025 ஆகஸ்ட் கடைசில இருந்து சைட்டே திறக்க மாட்டேங்குது, காலேஜ் வைஃபைலயும் இல்ல, வீட்டு நெட்லயும் இல்ல, போன்லயும் இல்ல. டெல்லி ஹைகோர்ட் ஆர்டர்னு சொல்றாங்க. எனக்கு புரியாதது என்னன்னா பப்ளிஷர் ஆம்ஸ்டர்டாம்ல இருக்கான், சைட்டை நடத்துறவங்க கஜகஸ்தான்காரங்க, இருக்கிறது ரஷ்யாலன்னு சொல்றாங்க, இதுல டெல்லி எங்க வந்துச்சு? அமெரிக்காவுல ஏற்கெனவே பல கோடி அபராதம் போட்டாங்களாமே, அந்த தீர்ப்பு இங்கயும் செல்லுமா? இன்னொன்னு, கேக்கவே பயமா இருக்கு, என் லேப்டாப்ல அங்க இருந்து எடுத்த பேப்பர் முன்னூறுக்கு மேல இருக்கு, நாளைக்கு இதனால எனக்கோ என் தீசிஸுக்கோ ஏதாவது வருமா?

ஒரு பேப்பர் காசு குடுத்து எடுக்கணும்னா 35 டாலர், நம்ம காசுக்கு மூவாயிரம் ரூபா. படிச்சு பாத்தாதான் அது நமக்கு வேணுமா வேணாமான்னே தெரியும். என் சம்பளத்துக்கு மாசம் ஒரு பேப்பர் வாங்குறதே கஷ்டம். விஷயம் தெரிஞ்சவங்க தயவு செஞ்சு கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

---

கறுப்புக்கோட்டு:

சகோ, நான் சென்னைல வக்கீல், ஐபி கேஸ் பாக்குற ஒரு சீனியர்கிட்ட ஆறு வருஷம் ஜூனியரா இருந்தேன். இந்த கேஸ்ல எனக்கு எந்த சம்பந்தமும் கிடையாது, ஆனா 2020 டிசம்பர்ல இருந்து விடாம கவனிச்சுட்டு வர்றேன். உங்க கைடு கேட்ட கேள்விக்கான பதிலே இந்த கேஸ்லதான் இருக்கு, கடைசில சொல்றேன், முதல்ல அமெரிக்கா.

2015ல எல்சேவியர், நீங்க சொன்ன அந்த ஆம்ஸ்டர்டாம் பப்ளிஷர், நியூயார்க் ஃபெடரல் கோர்ட்ல சைஹப், அதே மாதிரி புத்தகம் குடுக்கிற லிப்ஜென் ரெண்டு மேலயும் கேஸ் போட்டான். சைஹப்பை ஆரம்பிச்சு நடத்துற அலெக்ஸாண்ட்ரா எல்பாக்யான் வக்கீல் யாரையும் வைக்கல, நேர்லயும் போகல, ஜட்ஜுக்கு ஒரு லெட்டர் மட்டும் எழுதினாங்க, கஜகஸ்தான்ல படிக்கும்போது பேப்பர் ஒண்ணுக்கு 32 டாலர் கேட்டாங்க, ஆராய்ச்சிக்கு அந்த மாதிரி நூத்துக்கணக்குல புரட்டி பாக்கணும், எங்க போறதுன்னு. நீங்க எழுதினதை படிச்சப்ப எனக்கு அந்த லெட்டர்தான் ஞாபகம் வந்துச்சு. ஆள் வரலன்னா கோர்ட் வாதி கேட்டதை வச்சுதான் தீர்ப்பு சொல்லும், 2017 ஜூன்ல 1.5 கோடி டாலர் தீர்ப்பாச்சு. கணக்கு ரொம்ப சிம்பிள், மாதிரிக்கு 100 பேப்பரை காட்டினாங்க, அமெரிக்க சட்டத்துல வேணும்னே செஞ்ச மீறலுக்கு ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரைக்கும் போடலாம், பெருக்கிட்டாங்க. அதே வருஷம் நவம்பர்ல அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி வர்ஜீனியால கேஸ் ஜெயிச்சாங்க, அது 48 லட்சம் டாலர்.

ஆனா தீர்ப்பு வாங்குறது வேற, அதை வச்சு ஏதாவது செய்யறது வேற. கோர்ட்டோட கைக்கு எட்டுற தூரத்துல ஆளாச்சும் இருக்கணும், சொத்தாச்சும் இருக்கணும், இல்ல சர்வராச்சும் இருக்கணும். அங்க எட்டினது டொமைன் மட்டும்தான். டாட் ஆர்க் பேரெல்லாம் நடத்துற அமைப்பு இருக்கிறது அதே வர்ஜீனியால, அதனால சைஹப்போட டாட் ஆர்க் விலாசம் 2015லயே போச்சு, பின்னாடி இன்னும் சிலதும் போச்சு. சைட் வேற நாட்டு விலாசத்துல அடுத்த நாளே திறந்துடும். அமெரிக்க தீர்ப்பை ரஷ்யாவுக்கு கொண்டு போய் வசூல் பண்ண ரெண்டு நாட்டுக்கும் நடுவுல ஒப்பந்தம் இல்ல.

இங்கயும் நேரா செல்லாது. நம்ம சிவில் ப்ரொசீஜர் கோட்ல 44ஏ-ன்னு ஒரு பிரிவு, அரசாங்கம் அறிவிச்ச நாடுகளோட தீர்ப்பை இங்க நேரடியா நிறைவேத்தலாம், இங்கிலாந்து, சிங்கப்பூர் எல்லாம் அந்த லிஸ்ட்ல உண்டு, அமெரிக்கா கிடையாது. அதனால இந்தியால தடுக்கணும்னா இந்திய சட்டப்படி இங்க புதுசா கேஸ் போடணும். காப்பிரைட்டுக்கான பெர்ன் உடன்படிக்கைல நாமளும் இருக்கோம், அதனால வெளிநாட்டு பேப்பருக்கும் நம்ம 1957 காப்பிரைட் சட்டத்தோட பாதுகாப்பு உண்டு. எல்சேவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி மூணு பேரும் சேர்ந்து 2020 டிசம்பர்ல டெல்லி ஹைகோர்ட்டுக்கு வந்தாங்க. டெல்லியை பிடிச்சதுக்கு காரணம் இருக்கு, 2019 ஏப்ரல்ல சினிமா கம்பெனிகள் போட்ட கேஸ்ல அந்த கோர்ட் ஒரு வழி திறந்து விட்டுச்சு, ஒரு சைட்டை முழுசா பிளாக் பண்ணலாம், அது புது பேர்ல வந்தா அதையும் அதே ஆர்டர்ல சேத்துக்கலாம், ஒவ்வொரு தடவையும் புது கேஸ் தேவையில்லன்னு. நம்ம ஊர் திருட்டு டிவிடி காலத்துல இருந்து வர்ற ஜான் டோ ஆர்டரோட, அதாவது பேர் தெரியாத ஆளுங்க மேலயும் செல்லுற தடை ஆர்டரோட, அடுத்த கட்டம்னு வச்சுக்கோங்க.

இந்த இடத்துலதான் யாரும் எதிர்பாக்காத ஒண்ணு நடந்துச்சு, நியூயார்க்குக்கு வராத எல்பாக்யான் டெல்லிக்கு வந்தாங்க, வக்கீல் வச்சு. ஏன்னா நம்ம சட்டத்துல 52வது பிரிவு இருக்கு, சொந்த உபயோகத்துக்கு, ஆராய்ச்சியையும் சேத்து, நியாயமான அளவுல பயன்படுத்தினா அது மீறல் இல்லன்னு. அந்த வார்த்தையை வச்சு ஜெயிக்கிற வாய்ப்பு உலகத்துல வேற எந்த நாட்டை விடவும் இங்க அதிகம்னு நெறைய பேர் நம்பினோம். நம்ம விஞ்ஞானிகளும் எங்களையும் கேளுங்கன்னு மனு போட்டாங்க. 2021 ஜனவரில ஜட்ஜ் இது பொது முக்கியத்துவம் உள்ள விஷயம், அறிவியல் சமூகத்தை கேக்காம இடைக்கால உத்தரவு இல்லன்னு நிறுத்தி வச்சார். எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல, அவ்வளவு சந்தோஷம்.

ஆனா அதுக்கு முன்னாடியே 2020 டிசம்பர் 24 அன்னைக்கு, மொத ஹியரிங்லயே, எல்பாக்யான் தரப்புல கோர்ட்டுக்கு ஒரு அண்டர்டேக்கிங், அதாவது வாக்கு, குடுத்துட்டாங்க, அடுத்த ஹியரிங் வரைக்கும் இந்த பப்ளிஷர்களோட புது பேப்பர் எதையும் ஏத்த மாட்டோம்னு. அந்த "அடுத்த ஹியரிங்" தள்ளி தள்ளி போயிட்டே இருந்துச்சு. சைட்டை நடத்துறவங்க பொதுவாவே புதுசு ஏத்துறதை நிறுத்திட்டாங்க. இந்தியாவுக்கு ஒரு சைஹப், பிரேசிலுக்கு ஒரு சைஹப்னு கிடையாதே, இருக்கிறது ஒண்ணுதான், அதனால நின்னது உலகத்துக்கே நின்னுச்சு. 1.5 கோடி டாலர் தீர்ப்பால ஒரு அப்லோடை கூட நிறுத்த முடியல சகோ, டெல்லில குடுத்த ஒரு வாக்கு வருஷக்கணக்கா நிறுத்துச்சு. உங்க ரெஃபரன்ஸ் லிஸ்ட் 2020ல நிக்கிறது அதனாலதான்.

2021 செப்டம்பர்ல சைட்டோட பத்தாவது வருஷம்னு சொல்லி 23 லட்சம் பேப்பரை ஒரேயடியா ஏத்தினாங்க, வாக்கோட காலம் முடிஞ்சு போச்சுங்கிறது அவங்க வாதம், பப்ளிஷர் தரப்பு ஒத்துக்கல. 2025ல சைநெட்னு இன்னொரு தளம் ஆரம்பிச்சாங்க, ஒருத்தர் பேப்பர் கேப்பார், கையில இருக்கிறவர் ஏத்துவார், அதுக்கு கிரிப்டோ டோக்கன். பப்ளிஷர்கள் அதை கோர்ட்டுக்கு கொண்டு போய் குடுத்த வாக்கை மீறிட்டாங்கன்னு காட்டினாங்க, கோர்ட்டும் ஏத்துக்கிட்டு 2025 ஆகஸ்ட் 19ல சைஹப், சைநெட், அதோட மாத்து விலாசம் எல்லாத்தையும் பிளாக் பண்ண சொல்லிடுச்சு.

எனக்கு மனசு ஆறாதது எதுன்னா, பிளாக் ஆனது வாக்கை மீறினதுக்கு. ஆராய்ச்சிக்கு படிக்கிறது 52வது பிரிவுக்குள்ள வருமா வராதான்னு இவ்வளவு வருஷத்துல ஒரு ஜட்ஜ் கூட தீர்ப்பு சொல்லல.

---

புரூஃப்_புதுவை:

மேல உள்ள வக்கீல் சார் எழுதினது நல்ல விளக்கம். நான் எதிர்ப்பக்கம் நின்னு கொஞ்சம் சொல்லணும், திட்டாதீங்க. நான் புதுச்சேரில ஜர்னல் டைப்செட்டிங் கம்பெனில பதினோரு வருஷமா இருக்கேன். வெளிநாட்டு பப்ளிஷர் பேர்ல வர்ற அறிவியல் ஜர்னல்ல பெரிய பங்கு பக்கம் கட்டுறது சென்னைலயும் புதுச்சேரிலயும்தான், நெறைய பேருக்கு இது தெரியாது. ஆத்தர் அனுப்புற வேர்டு ஃபைல் எப்படி இருக்கும்னு பாத்தா தெரியும், ஈக்குவேஷன் படமா ஒட்டியிருப்பாங்க, ரெஃபரன்ஸ்ல வருஷம் ஒண்ணு டெக்ஸ்ட்ல வருஷம் ஒண்ணு, டேபிள்ல கூட்டுத்தொகை இடிக்கும். அதை காப்பி எடிட் பண்ணி, எக்ஸ்எம்எல் ஆக்கி, ஒவ்வொரு ரெஃபரன்ஸையும் லிங்க் பண்ணி, ஆத்தருக்கு கொஸ்டின் அனுப்பி, புரூஃப் திருத்தி போடுறது எங்க வேலை. ஒவ்வொரு பேப்பருக்கும் இருக்கிற டிஓஐ நம்பர் போட்டா டக்குன்னு பேப்பர் வருதுல்ல, அதுக்கு பின்னாடி ராத்திரி ஷிஃப்ட் பாக்குற பசங்க இருக்காங்க. "பப்ளிஷர் சும்மா உக்காந்து காசு பாக்குறான்"னு பொதுவா பேசும்போது எங்க உழைப்பும் அதுல இல்லாம போயிடுது, அதுதான் வலிக்குது.

அதே நேரம் உண்மையையும் சொல்றேன். எங்களுக்கு பக்கத்துக்கு இவ்வளவுன்னு ரேட், அது வருஷா வருஷம் கீழதான் போகுது. ஒரு பேப்பரை முழுசா கட்டி முடிக்க எங்களுக்கு வர்ற தொகையை விட அதை ஒரே ஒருத்தருக்கு ஒரே ஒரு தடவை விக்கிற விலை அதிகமா இருந்த கேஸ் எல்லாம் பாத்திருக்கேன். எழுதின புரொஃபசருக்கு காசு கிடையாது, ரிவ்யூ பண்றவருக்கும் பெரும்பாலும் கிடையாது. நான் ரெண்டு வாரம் உக்காந்து கட்டின பேப்பரை ஒரு தடவை என் பொண்ணு காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு கேட்டா, வெளியான லிங்க்கை திறந்தா எனக்கே காசு கேக்குது. கட்டின கையால அனுப்பவும் கூடாது, அக்ரிமென்ட்ல கையெழுத்து போட்டிருக்கேன், அனுப்பல.

என்னால திருட்டு சைட்டை சரின்னு சொல்ல முடியாது, சைநெட்ல டோக்கன் குடுத்து ஏத்த வைக்கிறது எனக்கு சுத்தமா பிடிக்கல, யாரோட யூனிவர்சிட்டி லாகினோ அதுல மாட்டும். ஆனா அந்த தங்கச்சி மூவாயிரம் ரூபா குடுக்கணும்னும் என்னால சொல்ல முடியல.

---

தெற்குச்சிலுவை:

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப பதினாறு வருசமா ஒக்லண்டில இருக்கிறன். வக்கீல் அண்ணை சொன்ன "கைக்கு எட்டுற தூரம்" எண்ட விசயத்துக்கு இஞ்ச நடந்த ஒரு கேஸைச் சொன்னால் தங்கச்சிக்கு இன்னும் விளங்கும். மெகாஅப்லோட் ஞாபகம் இருக்கோ? ஒரு காலத்தில பெரிய ஃபைல் ஆருக்காவது அனுப்ப வேணும் எண்டால் எல்லாரும் அதைத்தான் பாவிச்சவை.

அதின்ர கொம்பனி ஹொங்கொங்கில. நடத்தின கிம் டொட்கொம் ஜேர்மனியில பிறந்தவர், 2010இல இஞ்ச வதிவிட உரிமை எடுத்து கோட்ஸ்வில் எண்ட இடத்தில பெரிய மாளிகையில இருந்தவர். வாடகைக்கு எடுத்த சேர்வரில கனக்க அமெரிக்காவில, வர்ஜீனியாவிலயும் இருந்தது. அமெரிக்காவுக்கு அது காணும். 2012 ஜனவரி 20, விடியக்காலமை, எங்கட பொலிஸ் ஹெலிகொப்டரில போய் இறங்கினது. நான் அண்டைக்கு வேலைக்கு வெளிக்கிடேக்க ரேடியோவில கேட்டனான், ஏதோ ஆயுதக் கடத்தல் எண்டுதான் முதல் நினைச்சன், பிறகுதான் பதிப்புரிமைக் கேஸ் எண்டு தெரிஞ்சது. அமெரிக்கா சொன்ன கணக்கு 17.5 கோடி டொலர் வருமானம், உரிமைக்காரருக்கு 50 கோடி டொலருக்கு மேல நட்டம்.

சைஹப்புக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. அது சிவில், காசு கேக்கிற வழக்கு. இது கிரிமினல், ஆளையே பிடிச்சு அனுப்பச் சொல்லுற வழக்கு. ஆளை அனுப்பிறதுக்கு நியூசிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் ஒப்பந்தம் இருக்கு. அப்பிடி இருந்தும் எவ்வளவு இழுபட்டது எண்டு பாருங்கோ. அதே 2012இல எங்கட ஹைகோர்ட் தேடுதல் வாரண்ட் செல்லாது, அளவுக்கு மீறிப் பொதுவா எழுதியிருக்கு எண்டு சொன்னது, 2014இல உச்ச நீதிமன்றம் இல்லை செல்லும் எண்டது. நடுவில எங்கட உளவு அமைப்பு ஜிசிஎஸ்பி அவரைச் சட்டவிரோதமா ஒட்டுக்கேட்டது வெளியில வந்து, பிரதமர் ஜோன் கீ பகிரங்கமா மன்னிப்புக் கேட்டவர். வதிவிட உரிமை உள்ள ஆளை அந்த அமைப்பு அப்ப வேவு பாக்கக் கூடாது. எங்களை மாதிரி ஊரில செக்பொயின்ற், ஒட்டுக்கேக்கிறது எல்லாம் பாத்திட்டு வந்த சனத்துக்கு ஒரு பிரதமர் அப்பிடி மன்னிப்புக் கேட்டது பெரிய விசயம், நான் அந்தப் பேப்பரைக் கனகாலம் வச்சிருந்தனான்.

2015இல அனுப்பலாம் எண்டு கீழ்க்கோர்ட். 2017இல ஹைகோர்ட் சொன்னது இன்னும் வடிவா விளங்கிக்கொள்ள வேணும்: இஞ்சத்த சட்டப்படி இது பதிப்புரிமைக் குற்றமா வராது, ஆனா மோசடிக்குச் சதி எண்ட கணக்கில வரும், அதால அனுப்பலாம் எண்டு. ரெண்டு நாட்டிலயும் குற்றமா இருந்தால்தான் ஆளை அனுப்பலாம், அதால இந்தச் சொல்லு மாற்றம் சின்ன விசயமில்லை. 2020இல உச்ச நீதிமன்றம் 13 குற்றச்சாட்டில 12க்கு அனுப்பலாம் எண்டது. 2024 ஓகஸ்டில நீதி அமைச்சர் கையெழுத்து வச்சார், பிடிச்சுப் பன்னிரண்டு வருசம் கழிச்சு, அதையும் எதிர்த்து அவர் திரும்பக் கோர்ட்டுக்குப் போனவர். கூட இருந்த ரெண்டு பேர் அமெரிக்காவுக்குப் போகாமல் இஞ்சயே குற்றத்தை ஒப்புக்கொண்டு 2023இல ரெண்டரை வருசமளவு தண்டனை வாங்கினவை.

ஆனா எனக்கு டொட்கொம்மைப் பற்றிப் பெரிய கவலை இல்லை, அவரிட்ட வக்கீலுக்குக் காசு இருக்கு. கவலை என்னெண்டால் அந்த சேர்வரில களவுப் படம் மட்டும் இருக்கேல்லை. சனம் தங்கட சொந்த வீடியோ, வேலை, குடும்பப் படம் எல்லாம் போட்டு வச்சவை. ஒஹையோவில பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி படம் பிடிச்சு விக்கிற ஒருத்தர், என்ர சொந்த ஃபைலைத் தாங்கோ எண்டு கோர்ட்டுக்குப் போய் வருசக்கணக்கா நிண்டவர். நெதர்லாந்தில இருந்த அறுநூறுக்கு மேற்பட்ட சேர்வரை 2013இல அங்கத்தக் கொம்பனி அழிச்சுப்போட்டுது, அதில என்ன இருந்தது எண்டு இனி ஆருக்கும் தெரியாது. ஒரு நாடு இன்னொரு நாட்டில போய்ச் சட்டத்தை நடத்தேக்க நடுவில இருக்கிற சாதாரண சனத்தின்ர பொருளுக்குப் பொறுப்பு ஆர் எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லை.

தங்கச்சி, நீங்கள் பயப்பிடாதேங்கோ. பேப்பர் வாசிச்ச பிள்ளையளைத் தேடி ஆரும் ஹெலிகொப்டரில வரமாட்டினம். ஆனா இனி நல்ல வழியால எடுக்கப் பாருங்கோ.

---

நூலகர்_காவிரி:

அம்மா, நான் டெல்டா பக்கம் ஒரு அரசு கலைக் கல்லூரில நூலகர். கேஸ் விஷயம் மத்தவங்க சொல்லிட்டாங்க, நான் பேப்பர் எப்படி கிடைக்கும்னு மட்டும் சொல்றேன்.

2025 ஜனவரில இருந்து மத்திய அரசோட ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் நடக்குது. மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபா, 30 பப்ளிஷர், சுமார் 13,000 ஜர்னல், பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கிற இன்ஃப்லிப்நெட் மையம் மூலமா. கேஸ் போட்ட அந்த மூணு பேரோட ஜர்னலும் அதுல உண்டு. எங்க காலேஜ்ல இதுக்கு முன்னாடி மொத்த சயின்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கும் சேத்து வெளிநாட்டு ஜர்னல் ஒண்ணு கூட கிடையாது. இப்ப முதல் வருஷ எம்எஸ்சி பொண்ணு வந்து அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி ஜர்னலை எங்க லைப்ரரி கம்ப்யூட்டர்ல திறந்து படிக்குது. முதல் தடவை அது திறந்தப்ப நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல அந்த மாதிரி ஒரு நாள் எனக்கு வந்ததில்ல.

ஆனா உங்களுக்கு அது வராதும்மா. இப்போதைக்கு அரசு நடத்துற கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசோட ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும்தான், சுயநிதி காலேஜ் அதுல இல்ல. நம்ம மாநிலத்துல எத்தனை பிள்ளைங்க சுயநிதி காலேஜ்ல படிக்குது, எத்தனை பேர் அங்க வேலை பாத்துக்கிட்டே பிஹெச்டி பண்றாங்க, அவங்களை விட்டுட்டு என்ன ஒரே நாடுன்னு எனக்கு கோபமாத்தான் இருக்கு, கூட்டத்துல பேச வாய்ப்பு கிடைச்சப்பவும் சொன்னேன்.

நீங்க பதிவு பண்ணியிருக்கிறது அரசு பல்கலைக்கழகமா இருந்தா நீங்க அதோட ஸ்காலர், காலேஜ் எதுவா இருந்தாலும் பரவாயில்ல. பல்கலைக்கழக நூலகத்துக்கு நேர்ல போய் ஸ்காலர் ஐடி காட்டி கேளுங்க, வெளியில இருந்து லாகின் பண்ற வசதி குடுத்திருக்காங்களான்னும் கேளுங்க, பல பேர் கேக்காமலே விட்டுடறாங்க. பிரவுசர்ல அன்பேவால்னு ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டுக்கோங்க, ஆத்தரே சட்டப்படி எங்கயாவது இலவசமா போட்டு வச்சிருந்தா அது எடுத்து காட்டும். கெமிஸ்ட்ரிக்கு ப்ரீப்ரின்ட் தளம் (ஜர்னல்ல வர்றதுக்கு முன்னாடியே ஆத்தர் பேப்பரை போட்டு வைக்கிற இடம்) இருக்கு, அதுல தேடுங்க. நம்ம ஊர் தீசிஸ் எல்லாம் ஷோத்கங்கால இருக்கு. எதுவுமே கிடைக்கலன்னா கரெஸ்பாண்டிங் ஆத்தருக்கு, அதாவது பேப்பர்ல தொடர்புக்கு மெயில் குடுத்திருக்கிறவருக்கு, ஒரு மெயில் போடுங்க, தன்னோட காப்பியை ஒரு ஸ்காலருக்கு தனியா அனுப்புறதை பெரும்பாலான பப்ளிஷர் அனுமதிக்கிறாங்க. மெயில்ல நீங்க என்ன வேலை பண்றீங்கன்னு ரெண்டு வரி எழுதுங்க, சும்மா "சார் பிடிஎஃப் அனுப்புங்க"ன்னு போட்டா யாரும் மதிக்க மாட்டாங்க.

---

பொருநைக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, கண்ணு கலங்கிடுச்சு நிஜமா. அந்த 2020 டிசம்பர் விஷயம் படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். நான் சேந்ததே 2021ல, அதாவது நான் ரிசர்ச் ஆரம்பிக்கும்போதே அந்த கதவு மூடியிருக்கு, எனக்கு தெரியவே இல்ல, என் தேடல்லதான் ஏதோ தப்புன்னு நினைச்சேன்.

புதுவை அண்ணா, நீங்க எழுதினதுல தப்பே இல்ல, உங்களை மாதிரி ஒருத்தர் கட்டின பேப்பரைத்தான் நான் படிக்கிறேன்னு யோசிச்சதே இல்ல. வக்கீல் அண்ணா, என் முன்னூறு பேப்பர் விஷயம் மட்டும் நீங்க சொல்லல, அதையும் சொல்லிடுங்க, ராத்திரி அதுதான் ஓடுது. அப்புறம் 52வது பிரிவுல நாம ஜெயிக்க வாய்ப்பு அதிகம்னு சொன்னீங்களே, எதை வச்சு?

---

கறுப்புக்கோட்டு:

மன்னிச்சுக்கோங்க சகோ, நீளமா போனதுல அதை விட்டுட்டேன். டெல்லி கேஸ்ல பிரதிவாதிகள் சைட் நடத்துறவங்க, பிளாக் பண்றதுக்காக இன்டர்நெட் கம்பெனிங்க, அரசுத் துறைங்க. படிச்சவங்க யார் மேலயும் கேஸ் இல்ல, ஆகஸ்ட் ஆர்டர்லயும் படிச்சவங்களை பத்தி எதுவும் இல்ல. சட்டத்துல 63வது பிரிவுன்னு கிரிமினல் தண்டனை இருக்கு, ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனா சொந்த ஆராய்ச்சிக்கு ஒரு காப்பி வச்சிருக்கிறவருக்கு 52வது பிரிவு வாதம் முழுசா இருக்கு. தீசிஸ்ல நீங்க மேற்கோள் காட்டுறது பேப்பரைத்தான், அதை எங்க இருந்து எடுத்தீங்கன்னு இல்ல, அதனால தீசிஸுக்கு எதுவும் வராது. அந்த ஃபைலை மத்தவங்களுக்கு கூட்டமா அனுப்புறது, டிரைவ்ல போட்டு லிங்க் பகிர்றது மட்டும் வேணாம், அப்ப நீங்க படிக்கிறவர்ங்கிற இடத்துல இருந்து பரப்புறவர்ங்கிற இடத்துக்கு போயிடுவீங்க. விபிஎன் போட்டு திரும்ப போகலாமான்னு தனியா ரெண்டு பேர் மெசேஜ்ல கேட்டாங்க, கோர்ட் ஆர்டரை சுத்தி போற வழியை நான் சொல்ல மாட்டேன்.

எதை வச்சுன்னு கேட்டீங்க, டெல்லி யூனிவர்சிட்டி ஜெராக்ஸ் கடை கேஸை வச்சுத்தான். 2012ல ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூணு பேரும் சேர்ந்து கேம்பஸ்ல இருந்த ராமேஸ்வரி ஃபோட்டோகாப்பி கடை மேல கேஸ் போட்டாங்க, பாடப்புத்தகத்துல இருந்து பக்கம் பக்கமா எடுத்து கோர்ஸ் பேக் போட்டு விக்கிறாங்கன்னு. மாணவர்களும் ஆசிரியர்களும் தாங்களே கேஸ்ல சேந்து வாதாடினாங்க. 2016 செப்டம்பர்ல சிங்கிள் ஜட்ஜ், காப்பிரைட்ங்கிறது இயற்கையா வந்த உரிமையோ தெய்வம் குடுத்த உரிமையோ இல்லன்னு எழுதி கேஸையே தள்ளினார். டிசம்பர்ல டிவிஷன் பெஞ்ச் பொதுவா அதை ஏத்துக்கிட்டு, கோர்ஸ் பேக்ல இருக்கிறது பாடத்துக்கு தேவையானதுதானான்னு மட்டும் விசாரிக்க சொல்லிச்சு. 2017 மார்ச்ல பப்ளிஷர்களே கேஸை வாபஸ் வாங்கிட்டாங்க. அது 52வது பிரிவுல பாடம் நடத்துறதுக்கான உட்பிரிவு, சைஹப்புக்கு தேவையானது ஆராய்ச்சிக்கான உட்பிரிவு, அது வேற, தவிர ஒரு கடை சில பக்கம் எடுக்கிறதும் ஒரு சைட் கோடிக்கணக்குல முழு பேப்பரை குடுக்கிறதும் ஒண்ணு இல்ல, பப்ளிஷர் பக்கமும் பலமான வாதம் இருந்துச்சு. ஆனா அந்த ஜெராக்ஸ் கடைக்காரர் கோர்ட்ல கடைசி வரைக்கும் சட்டத்தை பத்தி பேச முடிஞ்சுது, ஏன்னா அவர் பக்கம் கோர்ட் அவமதிப்புன்னு ஒண்ணு குறுக்க வரல. சைஹப் கேஸ்ல மனு போட்ட நம்ம விஞ்ஞானிங்க என்ன சொல்ல வந்தாங்களோ அதை முழுசா கேட்டு முடிவு பண்ற நாள் வரவே இல்ல. கேஸ் இன்னும் முடியல, பிளாக் ஆர்டர் இடைக்காலம்தான். ட்ரையல்னு ஒண்ணு நடந்தா நான் டெல்லிக்கு டிக்கெட் போட்டு போய் பின் பெஞ்சுல உக்காந்து கேப்பேன்.

---

பொருநைக்கரை:

ஒரு அப்டேட். போன சனிக்கிழமை காலேஜ்ல லீவு சொல்லிட்டு யூனிவர்சிட்டி லைப்ரரிக்கு போனேன், பஸ்ல ரெண்டரை மணி நேரம். நூலகர் ஐயா சொன்ன மாதிரியே ஸ்காலர் ஐடி காட்டினதும் ஒரு சிஸ்டம் குடுத்தாங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள 2021ல இருந்து 2025 வரைக்கும் நாப்பத்தி ஏழு பேப்பர் படிக்க எடுத்தாச்சு. வெளியில இருந்து லாகினுக்கு ஃபார்ம் எழுதி குடுத்திருக்கேன், கைடு கையெழுத்து வேணுமாம். அங்கயும் கிடைக்காத பதினோரு பேப்பருக்கு ஆத்தருங்களுக்கு மெயில் போட்டேன், நாலு பேர் அனுப்பிட்டாங்க, அதுல பிரேசில்ல இருந்து ஒரு மேடம் பேப்பரோட சப்ளிமென்ட்ரி டேட்டாவும் சேத்து அனுப்பி உங்க சாம்பிளை எந்த டெம்பரேச்சர்ல கால்சைன் பண்றீங்கன்னு கேட்டிருக்காங்க. பதில் எழுதிட்டு இருக்கேன், எக்ஸ்ஆர்டி கிராஃபும் வச்சு அனுப்பலாம்னு இருக்கேன்.